அப்பாவுக்குப் பதிலாகச் சொன்னவள்

கிளென்னா ஸ்லோன் வாழ்நாள் முழுக்கப் படித்துக்கொண்டே இருந்தாள். படிப்பில் அவ்வளவு ஆசை என்று ஊரில் சொன்னார்கள். கூச்சத்தால் படித்தாள் என்பது அவளுக்கு மட்டும் தெரியும்.

கென்டக்கியின் கிழக்கு மலைகளில், ஓடைக்கும் ரயில் பாதைக்கும் நடுவே நெருக்கியடித்து நின்ற வீடுகளில் ஒன்றில் பிறந்தவள். அப்பா ஆர்வில் நிலக்கரி லாரி ஓட்டினார். அம்மா ஓமா பள்ளிக்கூடத்துச் சமையலறையில் வேலை பார்த்தாள். கிளென்னா பள்ளி முடித்த கையோடு முதியோர் இல்லத்தில் படுக்கை மாற்றும் வேலைக்குப் போனாள். அங்கே நர்சுகளின் நெஞ்சில் தொங்கிய அட்டையில் பேருக்குப் பின்னால் எழுத்துகள் இருந்தன. அவள் அட்டையில் பேர் மட்டும்தான். யாராவது அட்டையை உற்றுப் பார்த்தால் கையால் மறைத்துக்கொள்வாள்.

ஆகவே இரண்டு வருஷம் படித்து நர்ஸ் ஆனாள். படிப்பு முடிகிற அன்று புது நர்சுக்கு அவளுக்கு வேண்டப்பட்டவர் ஒருவர் மேடையேறிச் சட்டையில் வில்லை குத்திவிடுவது வழக்கம். ஆர்வில் அதற்கென்றே சாம்பல் நிறத்தில் ஒரு சூட் வாங்கினார். அவர் வாழ்நாளில் வாங்கிய ஒரே சூட் அது. லாரி ஸ்டியரிங்கை இரும்பாகப் பிடிக்கிற கைக்கு அந்தச் சின்ன வில்லை பிடிபடவில்லை. ஊசி அவள் தோளில் லேசாக இறங்கியது. போட்டோவில் அவர் நகக்கண்ணில் கரி தெரிந்தது. அந்தப் போட்டோவைக் கிளென்னா சட்டம் போட்டு மாட்டவே இல்லை.

பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலை மாறினாள். அங்கே ஒரு டாக்டர், நீ ரெண்டு வருஷ நர்ஸா, நாலு வருஷ நர்ஸா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். அவளுக்குக் காது வரை சுட்டது. நாலு வருஷப் படிப்பையும் முடித்தாள். அதன்பின் முதுகலை. மருந்து எழுதிக் கொடுக்கிற தகுதியும் வந்தது. வழியில் எங்கோ மலைப் பேச்சையும் உதறிவிட்டாள். வீட்டுக்குப் போன் பேசும்போது மட்டும் அது திரும்ப ஒட்டிக்கொள்ளும். பக்கத்தில் யாராவது வந்தால் குரலைத் தாழ்த்துவாள். நடுவில் ஒரு கல்யாணம் நடந்து, பிள்ளையில்லாமலே முறிந்தது. அவள் பழையபடி ஸ்லோன் ஆனாள். ஆர்வில் அதற்காக வருத்தப்பட்டதாக நடிக்கக்கூட இல்லை.

ஐம்பது வயது தாண்டியபின் நர்ஸ் பணியிலேயே டாக்டர் பட்டத்துக்குச் சேர்ந்தாள். நர்சுகளுக்கு அதற்கு மேல் ஏற வேறு படி கிடையாது. பாடங்களை முடிக்க வேண்டும். ஆயிரம் மணி நேரம் பணியிலேயே பயிற்சி எடுக்க வேண்டும். ஒரு வார்டில் நடப்பது சரியில்லை என்றால் அதைச் சரிசெய்து காட்டுகிற திட்டம் ஒன்று போட வேண்டும். அந்த வார்டிலிருந்தே ஒருவர் வழிகாட்டியாகக் கூட வர வேண்டும். கடைசியில் பேராசிரியர்கள் குழுவின் முன் நின்று சொல்ல வேண்டும். அவர்கள் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திப் பேசுவார்கள். தேறினால், கதவைத் திறந்து முதல்முறையாக டாக்டர் என்று கூப்பிடுவார்கள்.

ஆர்வில் அதுவரை காத்திருக்கவில்லை. அவள் சேர்ந்த வாரமே ஹோபர்ட்டின் முடிவெட்டும் கடையில் உட்கார்ந்து, என் பொண்ணு டாக்டர் ஆயிட்டா என்று சொல்லிவிட்டார்.

"அப்பா, அப்படிச் சொல்லாதீங்க. நான் அந்த டாக்டர் இல்ல. நோயாளிகிட்ட நானே என்னை நர்ஸுன்னுதான் சொல்லிக்கணும். கேக்கறவங்க சிரிப்பாங்க."

"எவன் சிரிப்பான்? மாட்டுக்கு ஊசி போட வர்றானே, அவனையே டாக்டர்னுதானே கூப்பிடறோம். மாட்டை விடக் கேவலமா நாங்கல்லாம்?"

ஹோபர்ட்டின் கடையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்களாம். கிளென்னாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருநாள் மளிகைக் கடையில், அந்தக் கோடியில் ஊறுகாய் பாட்டிலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஆர்வில் கத்தினார்: "டாக்டர்! இதை நான் தின்னலாமா?" இந்தப் பக்கம் அவளோடு வேலை செய்கிற இரண்டு பேர் நின்றிருந்தார்கள். அவள் திரும்பவில்லை. அவர் இன்னொரு தரம் கூப்பிட்டார். அப்போதும் அலமாரியில் எதையோ தேடுகிறவள் போல நின்றாள். அதிலிருந்து அந்தச் சொல் காதில் விழுந்தால் கழுத்தை அசைக்காமல் நிற்கப் பழகிக்கொண்டாள். நன்றாகவே பழகிற்று.

படிப்பின் நடுவில் ஓமா இறந்தாள். ஆர்வில் உருக ஆரம்பித்தார். தனக்கென்று அடுப்பு மூட்டத் தெரியாத மனுஷன். டப்பா சூப்பும், மாவு பிஸ்கட்டும், உப்புப் பன்றிக்கறியும்தான் சாப்பாடு. இறுதிச் சடங்கில் அந்தச் சாம்பல் சூட் கம்பத்தில் மாட்டியது போல அவர் மேல் தொங்கியது. ஊர் டாக்டர், எடை ஏறணும் ஆர்வில் என்றார். கிளென்னாவும் ஒவ்வொரு போனிலும் அதையேதான் சொன்னாள். சாப்பிடுங்கப்பா, எடை ஏறணும். ஒரு வருஷம் முழுக்கச் சொன்னாள்.

அந்த வருஷக் கடைசியில் அவருக்கு மூச்சு வாங்கியது. இதயம் தளர்ந்திருந்தது. நுரையீரலிலும் காலிலும் நீர் கோத்திருந்தது. கிளென்னா வேலை செய்கிற ஆஸ்பத்திரியிலேயே சேர்த்தார்கள். மருந்து கொடுத்து நீரை வெளியேற்றினார்கள். முன்பு இருந்ததைவிடவும் குச்சியானார்.

அது அவள் திட்டம் நடந்துகொண்டிருந்த வார்டு. திட்டம் எளிமையானது. இதய நோயாளியை வீட்டுக்கு அனுப்பும்போது நர்ஸ் எல்லாவற்றையும் விளக்கிவிட்டு, புரிஞ்சுதா என்று கேட்பாள். யாரைக் கேட்டாலும் புரிந்தது என்பார்கள். அப்படிக் கேட்கவே கூடாது என்பதுதான் கிளென்னா சொல்லிக் கொடுத்தது. நான் ஒழுங்கா விளக்கினேனான்னு தெரியணும், வீட்டுக்குப் போய் என்ன செய்வீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க என்று கேட்க வேண்டும். அவர் சொல்கிறவரை வாயை மூடிக்கொண்டு காத்திருக்க வேண்டும். தப்பாகச் சொன்னால் மறுபடி விளக்க வேண்டும். காத்திருப்பதுதான் கஷ்டம் என்று அவளே எல்லா நர்சுகளிடமும் சொல்லியிருக்கிறாள்.

ஆர்விலை வீட்டுக்கு அனுப்பிய அன்று பணியில் இருந்தவள் ட்ரெஸா. மூத்த நர்ஸ், கிளென்னாவை விட வயதில் இளையவள், திட்டத்துக்கு வார்டு வழிகாட்டியும் அவள்தான். அதே நேரம் திட்டம் எப்படி நடக்கிறது என்று பார்க்க, பல்கலைக்கழகத்திலிருந்து குழுத் தலைவி பேராசிரியை இங்க்ரம் வந்திருந்தார். நோயாளியின் சம்மதம் கேட்டு அந்த அறைக்கே வந்தார். ஆர்வில் ஆஸ்பத்திரி அங்கியில், பல்செட் இல்லாமல், காகிதக் கோப்பையில் புகையிலைச் சாற்றைத் துப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"வாங்க அம்மா, உக்காருங்க. நீங்கதான் எங்க டாக்டருக்கு டாக்டரா?" என்றார் இங்க்ரமிடம்.

இங்க்ரம் புன்னகைத்தார். கிளென்னா தரையைப் பார்த்தாள்.

ட்ரெஸா விளக்கினாள். நீர் மாத்திரை, உப்பு, தினமும் காலையில் எடை. எல்லாம் முடிந்து, கிளென்னா சொல்லிக் கொடுத்த அதே தொனியில் கேட்டாள்: "மிஸ்டர் ஆர்வில், நான் சரியா விளக்கினேனான்னு பாக்கணும். காலையில எடை பாக்கறீங்க. எதைக் கவனிப்பீங்க?"

ஆர்வில் கோப்பையை மடியில் வைத்தார். யோசித்தார். கன்னம் குழிந்து, ஈறு தெரிந்தது. மலைக்காரர்கள் பேச்சைத் தொடங்குமுன் எடுத்துக்கொள்ளும் நேரத்தை எடுத்துக்கொண்டார். இங்க்ரம் பேனாவுடன் காத்திருந்தார். அந்த மௌனத்தைக் கிளென்னாவால் தாங்க முடியவில்லை.

"எடையா?" என்றார் ஆர்வில். "ஏறிச்சுன்னா..."

"ஒரே நாள்ல மூணு பவுண்டு, இல்ல ஒரு வாரத்துல அஞ்சு பவுண்டு ஏறினா உடனே எங்களுக்குப் போன் பண்ணணும்," என்றாள் கிளென்னா. "கால் வீங்கினாலும், படுத்தா மூச்சு முட்டினாலும் அப்படித்தான். அவருக்குத் தெரியும். நான் பாத்துக்கறேன், ட்ரெஸா."

ட்ரெஸா ஒரு நொடி அவளைப் பார்த்தாள். பிறகு, நோயாளியே சொல்லிவிட்டார் என்று கணினியில் குறித்தாள்.

"பாத்தீங்களா?" என்று ஆர்வில் இங்க்ரமிடம் பெருமையாகக் கண்ணடித்தார். "நான் வாயே திறக்க வேண்டாம்."

இப்படிப்பட்ட மகள் கிடைக்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும் என்றார் இங்க்ரம்.

பட்டமளிப்புக்குச் சில வாரங்களே இருந்தன. கிளென்னா அறிக்கை எழுதிக்கொண்டிருந்தாள். ஞாயிறுதோறும் மலைக்குப் போகிறவள் போவதை நிறுத்தினாள். போன் மட்டும் பேசினாள். மாத்திரை போட்டீங்களா, போட்டேன். உப்பு குறைச்சீங்களா, குறைச்சேன். எடை பாத்தீங்களா, தினமும் பாக்கறேன் கண்ணு, ஒரு குறையும் இல்ல. நர்சுகள் கேட்கவே கூடாது என்று தானே தடுத்த கேள்விகளைத்தான் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்த பிறகு அறிக்கையில் விட்ட வரியைத் தேடினாள்.

ஒருநாள் போனில் அவராகவே கேட்டார், இந்தத் தடவை அப்பா ஏறி வந்து எதையும் குத்த வேண்டாமா என்று. பட்டத் துணியை ஏற்கெனவே பட்டம் வாங்கினவர்தான் தோளில் போடணும், நீங்க முன் வரிசையில உக்காந்து பாத்தா போதும் என்றாள்.

"அதுவும் நல்லதுதான். போன தடவை ரத்தம் வர வச்சிட்டேன்," என்றார். "முன் வரிசையா? அப்போ பாக்கறதுக்கு நல்லா இருக்கணும். உனக்கு ஒண்ணு வச்சிருக்கேன், வந்து பாரு."

என்ன என்று அவள் கேட்கவில்லை.

அடுத்த வாரம் பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்தார். ஆர்விலை நாற்காலியில் உட்கார்ந்த நிலையில் பார்த்தாராம், உதடு நீலம் பாய்ந்து. அதே வார்டுக்குக் கொண்டுவந்தார்கள். கிளென்னா வந்து சேர்ந்தபோது கால் இரண்டும் பானை போல இருந்தன. விரலால் அழுத்தினாள். குழி விழுந்தது, நிரம்பவில்லை. அவர் பேசும் நிலையில் இல்லை. மறுநாள் மதியம் போய்விட்டார்.

சர்ச்சுக்காரர்கள் வழக்கம்போல வீடு நிறைய ஹாமும் உருளைக்கிழங்குப் பண்டங்களும் கொண்டுவந்து வைத்தார்கள். சவ அலங்காரம் செய்தவர் கிளென்னாவைத் தனியாகக் கூப்பிட்டு, ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒன்றைச் சொன்னார்.

"சூட் அவ்வளவு அளவா இருந்துச்சும்மா. வழக்கமா நாங்க முதுகுப் பக்கம் வெட்டிப் பின் குத்தித்தான் போட்டுவிடுவோம். இவருக்கு எதுவுமே தேவைப்படல. தைச்சு வாங்கின மாதிரி இருந்துச்சு."

அவள் நன்றி சொன்னாள். உள்ளே நீர் நிறைந்துதான் சூட் அளவானது என்று நர்சுக்குத் தெரியாதா.

முடிவெட்டும் ஹோபர்ட் சவப்பெட்டியருகே வந்தார். பிறகு அவள் கையைப் பிடித்துக்கொண்டார். கடைசிச் சனிக்கிழமையும் ஆர்வில் கடைக்கு வந்தாராம். எடை ஏறுது, ஏறுதுன்னு வாரா வாரம் சொன்னாராம். செருப்புதான் பத்தலையாம்.

"உன் விசேஷத்துக்கு அந்த சூட் பழையபடி வந்துரும்னாரு. ஒரு வருஷமா எம் பொண்ணு எடை ஏத்து ஏத்துன்னு சொன்னா, இப்பத்தான் ஏறுது, இன்னும் அவகிட்ட சொல்லல, வந்து பாக்கட்டும்னாரு. அந்த மனுஷன் அவ்வளவு சந்தோஷமா இருந்து நான் பாத்ததில்ல, கிளென்னா."

ஏறிச்சுன்னா. அந்த வாக்கியம் எப்படி முடிந்திருக்கும் என்று அவளுக்கு அப்போது தெரிந்தது. ஏறிச்சுன்னா ரொம்ப நல்லது. ஆஸ்பத்திரி அறையில் அவர் அதை முழுசாகச் சொல்லியிருந்தால் ட்ரெஸா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு மறுபடி முதலிலிருந்து விளக்கியிருப்பாள். அதற்குத்தானே அந்தக் கேள்வி.

கிளென்னாவுக்குப் பாக்கியிருந்தது குழுவின் முன் நிற்பது ஒன்றுதான். நிற்கப்போவதில்லை என்று முடிவு செய்தாள். இரண்டு வாரம் கழித்து ட்ரெஸா அவள் வீட்டுக்கு வந்தாள். பீன்ஸ் சூப்பும் சோள ரொட்டியும் கொண்டுவந்திருந்தாள். தட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"சொல்லிட்டாருன்னு குறிச்சது நான். என் கைதான் குறிச்சுது," என்றாள்.

"உன்னை நிறுத்தினது நான்."

"நிறுத்தினா நிக்கணுமா? உங்க அப்பாங்கறதால நின்னேன். உங்களுக்குச் சங்கடமா இருக்குன்னு தெரிஞ்சுது. எனக்கும் அப்பா இருக்காரு. அவரும் பல்லு வைக்க மாட்டாரு."

கிளென்னா தட்டைத் தள்ளி வைத்தாள். சங்கடம் வெளியே தெரிந்திருக்கிறது. அப்படியென்றால் ஆர்விலுக்கும் தெரிந்திருக்கும். கண்ணடித்தது இங்க்ரமுக்காக இல்லை போலிருக்கிறது. மகளைக் காப்பாற்றுவதற்காக.

"இன்னும் எத்தனை பேருக்கு இப்படி வீட்டாளுங்க பதில் சொன்னாங்களோ," என்றாள் ட்ரெஸா. "நாம எல்லாத்தையும் நோயாளியே சொன்னதாத்தானே எண்ணியிருக்கோம். உங்களுக்குப் பட்டம் வேண்டாம்னா விடுங்க. ஆனா இதை யாராவது பாக்கணும். நீங்க நிறுத்தினா, நாளைக்கு வர்ற நர்சும் இப்படியேதான் குறிப்பா."

இருவருமாக வார்டு நர்சுகளை ஒவ்வொருவராகக் கேட்டார்கள். நர்சுகளுக்கு நினைவிருந்தது. மனைவி சொன்னாள், மகன் சொன்னான், மருமகள் படித்தவள், கடகடவென்று ஒப்பித்தாள். அப்படிப் பதில் வந்த வீடுகளிலிருந்துதான் அதிகம் பேர் மூச்சிரைத்துத் திரும்பி வந்திருந்தார்கள். நோயாளியே தட்டுத் தடுமாறிச் சொன்ன இடங்களில் அவ்வளவு இல்லை. கிளென்னா அறிக்கையைத் திருத்தினாள். திட்டம் முன்பு காட்டிய அளவுக்கு வெற்றி இல்லை என்று எழுதினாள். ஏன் என்றும் எழுதினாள்.

"அப்படிப் பதில் சொன்ன வீட்டாளுங்கள்ல ஒருத்தர் யாருன்னு அங்க சொல்லப்போறீங்களா?" என்று கேட்டாள் ட்ரெஸா, குழுவின் முன் நிற்கக் காரில் போகும்போது.

"தெரியல," என்றாள் கிளென்னா.

குழு ஒரு சின்ன வகுப்பறையில் கூடியது. இங்க்ரம் எழுந்து வந்து அவள் தோளைத் தொட்டு, உங்க அப்பாவைப் பாத்திருக்கேன், ரொம்ப இனிமையான மனுஷர் என்றார். கிளென்னா நின்று எல்லாவற்றையும் சொல்லி முடித்தாள்.  ஆஸ்பத்திரிப் பேச்சு அவளைக் கைவிடவில்லை. ட்ரெஸா மேஜைக் கோடியில் உட்கார்ந்திருந்தாள்.

கேள்வி நேரம் வந்தது. இங்க்ரம் பக்கத்தைப் புரட்டினார்.

"வீட்டாளுங்க பதில் சொன்ன இந்தப் பகுதி முதல் வரைவுல இல்லையே. இதைப் பாக்கணும்னு எப்படித் தோணிச்சு?"

ட்ரெஸா மேஜையைப் பார்த்தாள்.

அன்று அப்பாவின் ஆஸ்பத்திரி அறையில் இங்க்ரமும் இருந்தார் என்று கிளென்னா நினைத்தாள். பேனாவுடன் இருந்தார். ஒரு வார்த்தை சொன்னால் போதும், நினைவு வந்துவிடும். வந்தால், பல்லில்லாத வாயும் புகையிலைக் கோப்பையும் அவர் கண் முன் வரும். செத்த பிறகும் அப்பாவை அந்தக் கோலத்தில் இவர்கள் முன்னால் உட்கார வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்படி நினைத்தது அப்பாவுக்காக இல்லை, பழையபடி தனக்காகவே என்பதும் அவளுக்கு அந்த நிமிஷமே தெரிந்தது.

"வார்டுல பாத்தேன்," என்றாள்.

"நுட்பமான கவனிப்பு," என்றார் இங்க்ரம். "இந்தத் திட்டத்துலயே மிகச் சிறந்த பகுதி இதுதான். நோயாளியோட இடத்துல நின்னு பாக்கறவங்களுக்குத்தான் இது தெரியும்."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். கிளென்னா நன்றி சொன்னாள். சவ அலங்காரம் செய்தவருக்குச் சொன்ன அதே நன்றி.

வெளியே அனுப்பினார்கள். தாழ்வாரத்தில் ஒரு பெஞ்சு இருந்தது. எதிர்ச் சுவரில் பழைய வருஷங்களின் பட்டமளிப்புப் போட்டோக்கள். தோளில் துணி, பக்கத்தில் சூட் போட்ட அப்பாக்கள். சாத்திய கதவுக்கு உள்ளே யாரோ சிரித்தார்கள். நல்ல செய்திதான் என்று அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது. அவள் கையைப் பார்த்தாள். வீங்கிய காலில் அழுத்திய விரல்.

கதவு திறந்தது.

"டாக்டர் ஸ்லோன்," என்றார் இங்க்ரம், சிரிப்போடு.

கிளென்னா அசையவில்லை. கழுத்து அப்படியே நின்றது, அன்று மளிகைக் கடை அலமாரி முன் நின்றது போல.

"டாக்டர் ஸ்லோன்?"

உள்ளே நாற்காலி நகர்கிற சத்தம் கேட்டது. ட்ரெஸா இங்க்ரமைத் தாண்டி வெளியே வந்தாள். பெஞ்சின் முன் குனிந்தாள்.

"உங்களைத்தான் கூப்பிடறாங்க."

"காது கேக்குது," என்றாள் கிளென்னா. வீட்டுப் போனில் மட்டும் வருகிற பேச்சு அது, மலைப் பேச்சு. குரலையும் தாழ்த்தவில்லை. "கழுத்துதான் திரும்ப மாட்டேங்குது."

ட்ரெஸா பக்கத்தில் உட்கார்ந்தாள். கதவைப் பிடித்தபடி இங்க்ரம் காத்துக்கொண்டிருந்தார்.